காலி வீதி இரைச்சலை வரைபடமாக்க எது பொருத்தம்: கைபேசி, ஒலிமானி, நிலையான உணரி, கணிப்பு மாதிரி?

கொழும்புக் காலி வீதியை ஒட்டிய வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளைப் பக்கத்து அடுக்குமாடிச் சங்கங்களும் பாடசாலைச் சுற்றாடல் கழகங்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "காலி வீதிச் சத்தத்தை அளந்து ஒரு வரைபடம் போடவேண்டும். கைபேசி அப் போதுமா, ஒலி அளக்கும் மீற்றர் வாங்கவேண்டுமா?" வத்தளை, ஜா-எல பக்கத்தில் கட்டுநாயக்க அதிவேக வீதியை ஒட்டி வீடு வைத்திருப்பவர்களும் இதையே கேட்கிறார்கள். இரண்டு இடத்துக்கும் விடை ஒன்றல்ல. ஒரு வீதி பஸ், ஆட்டோ, ஹோர்ன், நின்று நின்று நகரும் நெரிசல். மற்றது ஒரே வேகத்தில் ஓடும் வாகன வரிசை. முதலாவதில் அளக்காமல் தப்ப முடியாது. இரண்டாவதில் அளவுகடந்து அளப்பது காசுக்கும் நேரத்துக்கும் கேடு.

கருவியின் விலையைப் பார்க்குமுன் சில விடயங்களை முடிவுசெய்யவேண்டும். அவைதான் கீழே உள்ள ஒப்பீட்டின் அளவுகோல்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

இலக்கத்தை யார் வாசிக்கப்போகிறார்கள்? சங்கக் கூட்டத்தில் காட்டவா, மாநகர சபைக்குக் கடிதத்தோடு இணைக்கவா, வழக்குக்கா? இலங்கையில் பலரும் எடுத்துக்காட்டுவது 1996ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் (ஒலிக் கட்டுப்பாடு) ஒழுங்குவிதிகள், வர்த்தமானி இல. 924/12. மாநகர சபைப் பகுதிக்கு அதில் பகலில் 63 டெசிபெல், இரவில் 50. வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம் முதலியவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர் வரையான அமைதி வலயத்துக்கு 50, 45. இங்கே இரண்டு பொறி உண்டு. இந்த எல்லைகள் சத்தம் எழுப்பும் செயல் நடக்கும் காணியின் எல்லைக்கோட்டில் அளப்பதற்காக எழுதப்பட்டவை. வீதியில் ஓடும் வாகனங்களுக்கு அப்படியொரு காணி இல்லை. ஆகவே 63ஐத் தாண்டிய இலக்கத்தை ஒப்பீட்டுக்குக் காட்டலாம், "சட்டமீறல்" என்று தலைப்புப் போட முடியாது. அடுத்தது, இந்த விதிகளில் பகல் என்பது காலை 6 முதல் மாலை 6 வரை. அதன்பின் எல்லாம் இரவு. அலுவலகம் விட்டு வரும் நெரிசல் முழுவதும் இரவுக் கணக்கில் விழும். உலக சுகாதார அமைப்பின் 2018 ஐரோப்பிய வழிகாட்டலில் வீதி இரைச்சலுக்கான இரவு அளவு 45 டெசிபெல் என்பதையும் இதே மூச்சில் சொல்கிறார்கள். அந்த இரவு 8 மணித்தியாலம். 12 மணித்தியால இரவோடு அதை நேரே ஒப்பிட்டால் கணக்கு தெரிந்த ஒருவர் ஒரு நிமிடத்தில் அறிக்கையை மடக்கி வைத்துவிடுவார்.

எவ்வளவு வித்தியாசம் தெரியவேண்டும்? வாகன எண்ணிக்கை இரட்டித்தால், மற்றவை மாறாதவரை, இரைச்சல் ஏறுவது வெறும் 3 டெசிபெல். ஒருவழிப் பாதை மாற்றம், பஸ் தரிப்பிட மாற்றம் போன்றவற்றின் விளைவும் பெரும்பாலும் 2, 3 டெசிபெலுக்குள்தான் இருக்கும். கருவியே 5 டெசிபெல் ஆடினால் அந்த மாற்றம் கண்ணில் படாது.

ஹோர்ன் பிடிபடுமா? காலி வீதிக்கு இதுதான் முக்கியமான அளவுகோல், பலர் மறப்பதும் இதைத்தான். பதினைந்து நிமிட அளவீடு ஒன்றில் வீதி சராசரியாக 72 டெசிபெலில் இருக்கிறது என்று வையுங்கள். அதற்குள் பஸ் ஹோர்ன் எல்லாம் சேர்த்து 5 விநாடி மட்டும் 95 டெசிபெலில் அடித்தால், சக்திச் சராசரி (டெசிபெல் இலக்கங்களை அல்ல, ஒலிச்சக்தியைக் கூட்டி எடுக்கும் சராசரி) 75.2க்கு ஏறிவிடும். ஐந்து விநாடி ஹோர்ன், மீதி 895 விநாடிப் போக்குவரத்து முழுவதையும் விடக் கூடுதலான ஒலிச்சக்தியைக் கொட்டுகிறது. ஆனால் நூற்றுக்குப் பத்து வீத நேரம் மிஞ்சப்படும் மட்டமான எல்10 இதில் அசையவே அசையாது, ஏனெனில் 5 விநாடி என்பது 0.6 வீதம்கூட இல்லை. எந்த வழியைத் தேர்ந்தாலும் சக்திச் சராசரி, எல்10, எல்90 (தொண்ணூறு வீத நேரம் மிஞ்சப்படும் மட்டம், அதாவது பின்னணிச் சத்தம்) மூன்றையும் தரக்கூடியதாக இருக்கவேண்டும். சராசரிக்கும் எல்10க்கும் இடையிலான உறவு வழக்கத்துக்கு மாறாக இருந்தால் காரணம் ஹோர்னா, லொறியா என்று தேடலாம்.

மிச்சம் மூன்று: எத்தனை இடம், எத்தனை மணித்தியாலம் (இரவு உட்பட), மறைசெலவு. மறைசெலவு என்றால் காசு மட்டுமல்ல. ஆள் நேரம், பழுது, திரும்ப அளவுதிருத்தம், அயலவரின் சம்மதம் எல்லாம் அதில் அடக்கம்.

| அளவுகோல் | கைபேசி | ஒலிமானி (வகுப்பு 2) | நிலையான மலிவு உணரி | கணிப்பு மாதிரி |
|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | இல்லை | கலிபரேற்றருடன் (மீற்றரைச் சோதிக்க நியம ஒலி தரும் கருவி) கூடுதல் | முனைக்கு (ஓர் உணரிப் பெட்டிக்கு) சில ஆயிரம் ரூபாய் | மென்பொருள் இலவசம், உழைப்பு அதிகம் |
| நம்பகம் | ஒரே போனுக்குள் ஒப்பிடலாம் | நன்று | ஒலிமானியோடு ஒப்பிட்டபின் நன்று | தரவின் தரத்தைப் பொறுத்தது |
| இரவு, நீண்ட நேரம் | கடினம் | கடினம் | இதற்காகவே உள்ளது | எளிது |
| பல இடங்கள் | எளிது | ஆள் நேரம் கரையும் | முனை எண்ணிக்கை வரை | எல்லா இடமும் |
| ஹோர்ன் | ஓரளவு | பிடிக்கும் | பிடிக்கும் | பிடிக்காது |
| மறைசெலவு | குப்பைத் தரவைக் களைதல் | இரண்டு பேரின் நாட்கள் | பராமரிப்பு | வாகன எண்ணிக்கை, கட்டட உயரம் |

## கைபேசி

அண்ட்ரொய்டில் நொய்ஸ்கெப்சர் என்ற இலவச அப், நடந்து போகும் பாதையில் விநாடிக்கு விநாடி ஒலிமட்டத்தையும் இடத்தையும் பதியும். ஐபோனுக்கு அமெரிக்கத் தொழிற் சுகாதார நிறுவனமான நியோஷ் வெளியிட்ட அப் இருக்கிறது. அதே மொடல் ஐபோன்களின் மைக் ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பதால் அங்கே வேறுபாடு குறைவு. அண்ட்ரொய்டில் போனுக்குப் போன் 5 டெசிபெலுக்கு மேலும் விலகும். பத்து மாணவர்கள் பத்துப் போனில் அளந்து ஒரே வரைபடத்தில் ஏற்றினால், அந்தப் படம் காட்டுவது வீதியை அல்ல, போன் மொடல்களை.

ஆகவே ஒரு போன், ஒரு ஆள், ஒரு பிடி. போனை உறையிலிருந்து கழற்றி, மைக் துளையை விரல் மறைக்காமல், உடம்பிலிருந்து கை நீளத் தூரத்தில் பிடிக்கவேண்டும். கடற்காற்று இருந்தால் மைக்கில் சிறிய ஸ்பொஞ்சுத் துண்டு. மற்றத் தொல்லை ஜிபிஎஸ். இருபக்கமும் மாடி எழுந்த இடத்தில் புள்ளி பத்துப் பதினைந்து மீற்றர் தாவி, பக்கத்து ஒழுங்கையில் போய் உட்கார்ந்துவிடும். நடந்துகொண்டே அளக்காமல் ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் நின்று, இடத்தை வரைபடத்தில் கையால் குறிப்பது நல்லது.

எங்கே கூடச் சத்தம், எங்கே குறைவு என்று தேடும் முதற்சுற்றுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. "71.3 டெசிபெல்" என்று ஒரு தனி இலக்கத்தைக் கடிதத்தில் எழுதுவதற்கு மட்டும் இது ஆகாது.

## கையடக்க ஒலிமானி

பெட்டியின் மேல் ஐஈசி 61672 வகுப்பு 2 என்று இருக்கவேண்டும் (ஐஈசி என்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்; வகுப்பு 1 இன்னும் துல்லியம்). இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பலவற்றில் "ஐஈசி 651 டைப் 2" என்று அச்சிட்டிருக்கும். அது 2002இல் மாற்றீடு செய்யப்பட்ட பழைய நியமம். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த மீற்றர்கள் இந்தக் கணத்து அளவையும் உச்சத்தையும் மட்டும் காட்டுவது. சக்திச் சராசரி இல்லாத மீற்றர், போக்குவரத்து இரைச்சலுக்கு விளையாட்டுச் சாமான். திரையில் ஓடும் இலக்கத்தைக் கண்ணால் பார்த்துச் சராசரி எடுக்க முடியாது. 70, 60 இரண்டின் சக்திச் சராசரி 65 அல்ல, 67.4.

வகுப்பு 1க்கு ஆசைப்படவேண்டுமா? 1000 ஹேர்ட்சில் அனுமதிக்கப்படும் விலகல் வகுப்பு 1க்கு 0.7 டெசிபெல், வகுப்பு 2க்கு 1.0. ஏ-நிறையிட்ட (மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்பத் திருத்திய) வாகன இரைச்சலின் பெரும்பங்கு அந்த அலைவெண்ணை ஒட்டியே கிடக்கிறது. வழக்குக்குப் போகாதவரை வகுப்பு 2 போதும். மிச்சக் காசை 94 டெசிபெல் கலிபரேற்றருக்குக் கொடுங்கள். கலிபரேற்றர் இல்லாத வகுப்பு 1ஐ விட, கலிபரேற்றரோடு உள்ள வகுப்பு 2 எத்தனையோ மேல். வாங்கும்போது மைக்கின் விட்டம் கலிபரேற்றரின் வாய்க்குப் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். அரை அங்குலம்தான் பொதுவான அளவு. அளக்குமுன் ஒரு தடவை, அளந்து முடிந்ததும் ஒரு தடவை சோதிக்கவேண்டும். இரண்டுக்கும் இடையில் 0.5 டெசிபெலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றைய தரவைத் தள்ளிவிடவேண்டியதுதான். பெரும்பாலும் குற்றவாளி கலிபரேற்றரின் பற்றரி, அல்லது முழுதாக உள்ளே போகாத மைக்.

மீற்றரை ஏ-நிறையிடலிலும் ஃபாஸ்ட் என்ற விரைவுப் பதில் நிலையிலும் வையுங்கள். முக்காலி, 1.5 மீற்றர் உயரம், 9 சென்ரிமீற்றர் ஸ்பொஞ்சுப் பந்து. ஆள் மீற்றரின் பின்னால் விலகி நிற்கவேண்டும். சுவர் முதலிய தெறிபரப்புகளிலிருந்து 3.5 மீற்றர் தள்ளி அளக்கச் சொல்வார்கள். வெள்ளவத்தை நடைபாதையில் அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது? அதற்கும் வழி உண்டு: முகப்புச் சுவரிலிருந்து 1 முதல் 2 மீற்றருக்குள் ஒரே தூரத்தில் எல்லா இடத்திலும் வைத்து அளந்து, தெறிப்புக்காக 3 டெசிபெல் கழித்து, கழித்ததை அறிக்கையில் எழுதுங்கள். சில இடத்தில் கழித்து, சில இடத்தில் விடுவதுதான் வரைபடத்தில் காரணமில்லாத மேடுபள்ளங்களைக் கிளப்பும்.

எவ்வளவு நேரம் அளப்பது? கலப்புப் போக்குவரத்தில், அளவீட்டின்போது கடந்த வாகன எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் 10ஐ வகுத்தால் நியம நிச்சயமின்மை டெசிபெலில் கிடைக்கும். 200 வாகனம் கடந்தால் 0.7. காலி வீதியில் பகலில் பதினைந்து நிமிடத்தில் அதைவிடக் கூடுதலாகவே போகும். இரவு ஒரு மணிக்கு ஒழுங்கை ஒன்றில் 20 வாகனம்தான் போயிற்றென்றால் 2.2. அந்த ஒழுங்கைக்குப் பதினைந்து நிமிடம் போதாது, ஒரு மணித்தியாலமும் போதாமல் போகலாம்.

காற்று விநாடிக்கு 5 மீற்றருக்கு மேல் வீசினால் நிறுத்துங்கள். நனைந்த தார் டயர் இரைச்சலை ஏற்றும். ஆகையால் மழை விட்டு வீதி காயும் வரை காத்திருக்கவேண்டும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால் அந்த மாதங்களில் காலைச் சுற்றுகளை நம்புவதே மேல். போயா தினம், பாடசாலை விடுமுறை, ஆடிவேல் ஊர்வலம் வரும் நாட்களைப் பொது நாளாக எண்ணவேண்டாம். இன்னொரு தொல்லைக்கு மருந்தே இல்லை: முக்காலியைக் கண்டதும் "என்ன தம்பி அளக்கிறீங்கள்?" என்று மைக்கின் முன்னால் வந்து நிற்பவர்கள். கேள்வி இடைநிறுத்தப் பொத்தானை அமுக்குமுன்னரே பதிவாகிவிடும். கடைசிச் சில விநாடிகளைப் பின்னோக்கி அழிக்கும் வசதி உள்ள மீற்றர் என்றால் அந்த ஒரு காரணத்துக்கே கூடக் கொடுக்கலாம்.

மறைசெலவு ஆள் நேரம். ஒரு கிலோமீற்றர் துண்டில் ஐந்து ஒழுங்கை, ஒவ்வொன்றிலும் வீதியோரம், 25, 50, 100 மீற்றர் என நான்கு புள்ளி. மொத்தம் இருபது புள்ளி, பதினைந்து நிமிடம் வீதம் அளவீடு மட்டும் 5 மணித்தியாலம். முக்காலி நிமிர்த்த, நகர, குறிப்பெழுத நேரத்தையும் சேர்த்தால் இரண்டு பேருக்கு இரண்டு நாள் போய்விடும், அதுவும் பகலின் ஒரு பகுதிக்கு மட்டும். இரவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

## நிலையான மலிவு உணரி

இந்த இடைவெளியை நிரப்பத்தான் இது. பாகங்கள்: ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை, ஐஎன்எம்பி441 டிஜிற்றல் மைக், 5 வோல்ற் அடப்ரர், மெமரி கார்ட், மழை புகாத பெட்டி, கீழ்நோக்கி வளைந்த சிறு பிவிசி முழங்கை, ஸ்பொஞ்சு. இந்த மைக்கின் சுய இரைச்சல் 33 டெசிபெல் அளவில், தாங்கும் உச்சம் 120. வீதியோரத்துக்கு இரண்டும் தாராளம். பலகையே விநாடிக்கு ஒரு சராசரி மட்டத்தைக் கணித்துச் சேமிக்கவேண்டும், நாளுக்கு 86,400 வரி. ஒலியைப் பதிவுசெய்து வைக்கவே கூடாது. பல்கனியில் மைக் வைத்திருக்கிறார்கள் என்ற பேச்சு ஒரு தடவை கிளம்பினால், அடுத்த வீட்டுக்காரரின் சம்மதம் பிறகு கிடைக்கவே கிடைக்காது.

கட்டும்போது வழக்கமாகப் பிழைப்பவை:

- மைக் துளை பலகையின் அடிப்பக்கத்தில் இருக்கும். பசை போட்டு ஒட்டும்போது அது அடைபட்டு எல்லா அளவும் பத்துப் பன்னிரண்டு டெசிபெல் விழும்.
- மைக்கின் இடது-வலது தெரிவுக் காலை மின்தரையோடு (GND) இணைக்காமல் தொங்கவிட்டால், சில நாள் அளவு வரும், சில நாள் வெறும் பூச்சியம் வரும்.
- முழங்கைக் குழாய் நீளமானால் அது தானே ஒத்ததிர்ந்து ஒரு அலைவெண்ணைத் தூக்கிக் காட்டும். மைக்கை வாயோடு ஒட்டி வையுங்கள்.
- மின்சாரம் போய் வந்தபின் வைஃபை கிடைக்காவிட்டால் கடிகாரம் பூச்சியத்தில் தொடங்கும். பற்றரியோடு உள்ள சிறு கடிகாரச் சில்லு ஒன்று இந்தத் தலையிடியை நீக்கும்.
- குளிரூட்டியின் வெளிப்பகுதி பக்கத்தில் இருந்தால் இரவுத் தரவு முழுவதும் அதன் தரவுதான்.

ஒரே வகை மைக்குகள் என்றாலும் ஒன்றுக்கொன்று சில டெசிபெல் வேறுபடும். ஆகையால் எல்லா முனைகளையும் ஒரே பல்கனியில் வரிசையாகக் கட்டி, சோதித்த ஒலிமானியோடு ஒரு முழு நாள் ஓடவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித் திருத்தத்தைக் குறித்துக்கொண்டபிறகே பிரித்துக் கொண்டுபோகவேண்டும். ஒலிமானி கைவசம் இல்லாமல் உணரி மட்டும் கட்டுவது இதனால்தான் வீண். கடலோர வீதியான மரைன் டிரைவ் பக்கம் உப்புக்காற்றில் இணைப்புகள் பச்சை பிடிக்கும். மாதம் ஒரு தடவை ஏறிப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் மூன்றாம் மாதத் தரவை நம்பமுடியாது. காகம் வேறு ஸ்பொஞ்சைப் பிடுங்கும்.

இரவும் பகலும், வேலை நாளும் ஞாயிறும் எப்படி மாறுகின்றன என்று அறிய இதற்கு நிகர் இல்லை. வீதி மாற்றம் ஒன்றுக்கு முன்னும் பின்னும் ஒப்பிடவும் இதுவே சரி, ஏனெனில் கருவியும் இடமும் மாறாமல் இருக்கும்.

## கணிப்பு மாதிரி

வாகன எண்ணிக்கை, வேகம், கனரக வாகன வீதம், கட்டட அமைப்பு ஆகியவற்றைக் கொடுத்தால் ஒலிமட்டத்தைக் கணிக்கும் முறைகள் பல உண்டு. பிரித்தானியாவின் 1988 கோர்ட்டன் முறையைக் கையாலேயே போடலாம். அடிப்படை: மணித்தியால எல்10 = 42.2 + 10 × மடக்கை (மணிக்கு வாகனம்), வீதி விளிம்பிலிருந்து 10 மீற்றரில். பிறகு வேகத்துக்கும் கனரக வீதத்துக்கும் திருத்தம். மணிக்கு 2000 வாகனம், 30 கிலோமீற்றர் வேகம், 8 வீதம் கனரகம் என்றால் விடை 74.0. கனரக வீதத்தை மட்டும் 15 ஆக்கினால் 75.8. ஆனால் மொத்த வாகனத்தில் பத்து வீதம் எண்ணத் தவறினால் பிழை அரை டெசிபெல் கூட இல்லை. அதாவது எண்ணும் ஆளைப் பஸ், லொறியில் கண்ணாக இருக்கச் சொல்லுங்கள், கார் ஒன்றிரண்டு தவறினால் குடிமுழுகாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் பொதுவாக்கிய க்னோசோஸ் முறையில் வாகன வகைகள் விரிவானவை. முச்சக்கர வண்டியை அதன் 4பி வகையில், மோட்டார் சைக்கிளோடு, சேர்க்கலாம். நொய்ஸ்மொடலிங் என்ற இலவச மென்பொருளும், கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் சேரும் ஓப்பநொய்ஸ் செருகியும் வேலைக்கு உதவும். வீதியும் கட்டடமும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து எடுக்கலாம். அங்கேதான் மறைசெலவு ஒளிந்திருக்கிறது: பல கட்டடங்களுக்கு மாடி எண்ணிக்கை இராது. வீதியில் நடந்து ஒவ்வொன்றாக எண்ணி, மாடிக்கு 3 மீற்றர் என்று நிரப்பவேண்டும். நிரப்பாமல் விட்டால் மென்பொருள் எல்லாவற்றுக்கும் ஒரே உயரம் கொடுத்து, எட்டு மாடியையும் ஒற்றை மாடிக் கடையையும் ஒன்றாகப் பாவிக்கும்.

காலி வீதிக்கு இதை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? ஹோர்ன் மாதிரிக்குள் இல்லை. பஸ் தரிப்பில் இழுத்து நிறுத்தி, மிதித்துக் கிளம்புவது இல்லை. க்னோசோஸ் சந்திகளுக்கு மட்டும் முடுக்கத் திருத்தம் தரும், 20 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகத்தை அது அறியாது. ஐரோப்பிய வாகனங்களுக்கு அமைத்த குணகங்கள் நம் பழைய பஸ்ஸின் சைலன்சரை அறியா. எனவே கணிப்பு, குறிப்பாகப் பஸ் தரிப்பிடங்களை ஒட்டி, உண்மையை விடக் குறைவாகவே நிற்கும்.

கட்டுநாயக்க அதிவேக வீதியில் நிலைமை நேர்மாறு. பேலியகொடையிலிருந்து 25.8 கிலோமீற்றர், 2013 ஒக்டோபரில் திறந்தது. ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் உள்ளே வர அனுமதி இல்லை, ஹோர்ன் அரிது, வேகம் சீரானது, பல இடங்களில் இருபக்கமும் வெளி. மாதிரிகள் இப்படிப்பட்ட வீதிக்காகவே பிறந்தவை. இங்கே சில வீட்டு முற்றங்களில் ஒவ்வொரு முழு நாள் அளந்து, கணிப்போடு சரிபார்த்தால் போதும். அளவும் கணிப்பும் 2, 3 டெசிபெலுக்குள் ஒத்துப்போனால் மீதி கிலோமீற்றர்களைக் கணினிக்கே விடலாம்.

## வெளியே கொடுத்து அளப்பது

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்றவை கட்டணத்துக்கு அளந்து அறிக்கை தரும். வழக்கு, நட்டஈடு, திட்ட அனுமதி என்று வரும்போது இதுவே வழி. சொந்தமாக அளந்ததை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் தட்டிவிடும்: கருவியின் அளவுதிருத்தச் சான்றிதழ் எங்கே? ஆனால் கொடுக்கும் காசுக்கு வழக்கமாகக் கிடைப்பது சில புள்ளிகள்தான், வரைபடம் அல்ல. ஒப்புக்கொள்ளுமுன் இரவு அளவு சேர்ந்ததா, விநாடித் தரவைக் கோப்பாகத் தருவார்களா, முகப்புத் திருத்தம் (சுவர்த் தெறிப்புக்கான 3 டெசிபெல்) கழித்ததா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

## புள்ளியிலிருந்து வரைபடத்துக்கு

இருபது புள்ளியைக் கியூஜிஐஎஸ்சில் ஏற்றி, இடைக்கணிப்புப் பொத்தானை (புள்ளிகளுக்கு நடுவில் உள்ள இடங்களை ஊகித்து நிரப்புவது) அமுக்கினால் அழகான வண்ணப்படம் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். அதை நம்பவேண்டாம். அந்தக் கணக்குக்குக் கட்டடம் தெரியாது. காலி வீதியில் கடைவரிசை இடைவெளியின்றி நிற்கும் இடத்தில், பின்வளவில் சத்தம் 10 டெசிபெலுக்கு மேல் விழும். ஒழுங்கை வாயில் அதே சத்தம் நேரே உள்ளே ஓடும். இடைக்கணிப்பு இரண்டையும் மெழுகி, கடைக்குப் பின்னால் இருக்கும் அமைதியான வீட்டையும் சிவப்பாக்கிவிடும். புள்ளியைச் சுற்றி வட்டம் வட்டமாக நிறம் தெரிந்தால் அது இரைச்சலின் வடிவம் அல்ல, கணக்கின் வடிவம்.

காலி வீதிக்கு உகந்தது கலப்பு முறை. வீதியைப் பார்த்த பல்கனி ஒன்றில் ஒரு நிலையான உணரி. ஒலிமானியோடு ஒருவர் புள்ளி புள்ளியாகச் சுற்றுவார். உதாரணத்துக்கு, காலை 10.15 முதல் 10.30 வரை பல்கனி 71.0 காட்டுகிறது, அதன் பகல் 12 மணித்தியாலச் சராசரி 72.4. அதே பதினைந்து நிமிடத்தில் ஒழுங்கைக்குள் மீற்றர் 64.2 என்றால், அந்தப் புள்ளியின் பகல் சராசரி 64.2 + 1.4 = 65.6. இப்படி எல்லாப் புள்ளியும் ஒரே நேர அளவுக்கு வந்துசேரும், நெரிசல் நேரத்தில் அளந்த புள்ளி மட்டும் அநியாயமாகச் சிவப்பாகாது. கணிப்பு மாதிரியையும் ஓட்டி, அளந்த புள்ளிகளில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, பஸ் தரிப்புப் பகுதி, சாதாரண வீதிப் பகுதி என்று தனித்தனியே திருத்தம் ஏற்றினால் கட்டடத்தின் நிழலும் ஹோர்னின் சுமையும் ஒரே படத்தில் சேரும்.

இந்தக் கழித்தல் கூட்டல் ஒரே வீதி ஆளும் இடத்துக்கு மட்டுமே செல்லும். ஒழுங்கையின் கீழ்ப்பாதியில், மரைன் டிரைவை நெருங்க நெருங்க, ஆட்சி கடற்கரை ரயிலுக்கும், தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அலைக்கும் மாறிவிடும். அங்கே இரண்டாவது உணரி ஒன்று தேவை. ரயில் கடந்த விநாடிகளை நேரம் பார்த்துப் பிரித்தெடுத்து, தனி அடுக்காக வரையுங்கள்.

உயரத்தையும் படத்தில் எழுதவேண்டும். க்னோசோஸ் வரைபடங்கள் 4 மீற்றர் உயரத்துக்கு, முக்காலி 1.5 மீற்றருக்கு. முன்வரிசைக் கடைக்குப் பின்னால் எழுந்த அடுக்குமாடியில் கீழ்த்தட்டு அமைதியாக இருக்க, கடைக்கூரையைத் தாண்டி வீதியை நேரே பார்க்கும் நான்காம் தட்டில் சத்தம் கூடும். தட்டையான வரைபடம் ஒன்றில் இது தெரியவே தெரியாது. அப்படியான கட்டடத்துக்கு வரைபடத்தை விட்டுவிட்டு, தட்டுக்கு ஒரு உணரி வீதம் ஒரு வாரம் வைத்து, தட்டுவாரியாக ஒரு அட்டவணை போட்டுக் கொடுங்கள்.